பவுடர் வாங்குவதற்கு முன் அம்மிச்சியின் வாயைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கோபி பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் உங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, 79 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன ஐப்பசியில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தவறிய பிறகு சாப்பாடு குறைந்துபோய், ஏழு மாதத்தில் 48 கிலோவிலிருந்து 41 கிலோவுக்கு வந்துவிட்டார். காலையும் ராத்திரியும் ராகிக் கஞ்சி, நடுவில் சத்துமாவு கொடுக்கிறீர்கள். கஞ்சி குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறது. பகலிலும் படுத்தே இருக்கிறார். ஊரில் எல்லோரும் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறீர்கள். எந்தப் பவுடர் கொடுத்தால் உடம்பு தேறும் என்பது உங்கள் கேள்வி.

பவுடரின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களே தவிர, மனசுக்குள் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இது வயசின் போக்கா, இல்லை நாம் கவனிக்காமல் விட்ட ஏதாவது ஒன்றா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொல்லும் இடத்தில் இல்லை. உங்கள் அம்மிச்சியை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியேயும் சொல்கிறேன்.

உறுதியானது முதலில். வயதானால் பசி கொஞ்சம் மங்கும், வாசனையும் ருசியும் குறையும், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அது வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பது. ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் தானாக 5 சதவீதம் எடை குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. 48 கிலோவில் 5 சதவீதம் என்றால் இரண்டரை கிலோ கூட வராது. அம்மிச்சிக்குப் போனது ஏழு கிலோ, கிட்டத்தட்ட 15 சதவீதம். இதை வயசின் கணக்கில் எழுதக் கூடாது. காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், அதில் பாதியாவது சரிசெய்யக்கூடியதாக இருக்கும்.

தேடுவதை வாயிலிருந்து தொடங்குங்கள். சிவகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் இதே கதைதான், ஆத்தா சோற்றைத் தள்ளிவிடுகிறார் என்றார்கள். மருமகள் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) நாலு பவுடர் டப்பாவை வரிசையாக எடுத்து வைத்தார். நான் செல்போன் டார்ச்சை அடித்து, "ஆத்தா, பல்செட்டைக் கழட்டுங்க பார்க்கலாம்" என்றேன். அவருக்கு மனசே இல்லை. மாதக்கணக்கில் ராத்திரிகூடக் கழற்றவில்லையாம். கழற்றிப் பார்த்தால் கீழ் ஈறில் மொச்சைக்கொட்டை அளவுக்குப் புண். அண்ணத்தில் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. உடம்பு இளைக்க இளைக்க ஈறும் சுருங்கி, முன்பு பொருந்திய பல்செட் ஆட ஆரம்பித்திருக்கிறது. ஆடிய செட் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. புண் வலிக்குப் பயந்து சோறு குறைந்திருக்கிறது. "வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே ஆத்தா" என்றால், "ஏஞ்சாமி, இருக்கிற வேலைல இது ஒண்ணா" என்கிறார். பூஞ்சைக்கு மருந்து போட்டு, செட்டைச் சரிசெய்து கொடுத்த பிறகு அவராகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டது தட்டப்பயிறுக் குழம்பு.

அதனால் இந்த ஞாயிறு போகும்போது டார்ச்சை அடித்துப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லி ஈறு, அண்ணம், நாக்குக்கு அடி, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள். ஆடும் பல், புண், வெள்ளைப் படிவு, வறண்டு வெடித்த நாக்கு, கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சோறு, முழுங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் அது ஒரு காரணம். செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பல்லே இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் இரண்டு வேளை மிருதுவான பிரஷ்ஷாலோ சுத்தமான ஈரத்துணியாலோ துடைக்க வேண்டும். வாய் சுத்தமாக இருந்தால் சாப்பாடு ருசிக்கும். அதைவிட முக்கியமாக, புரை ஏறும்போது நுரையீரலுக்குள் போகும் கிருமியும் குறையும்.

அடுத்து மாத்திரை. இதை நான் என் அம்மாவிடம் தப்புச் செய்து கற்றுக்கொண்டேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரைக்குக் கிளிமிபிரைட் மாத்திரை. ஒரு நாள் காலையில் அரை இட்லியோடு போதும் என்று எழுந்துவிட்டார். நான் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் வழக்கம்போல மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார், அம்மா அசந்து தூங்குகிறார், எழுப்பினால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று. வந்து தொட்டால் ரவிக்கை வேர்வையில் நனைந்திருக்கிறது. சர்க்கரை 46. பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் என் வீட்டிலேயே நடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். ஏனென்றால் இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும்.

48 கிலோவில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய மாத்திரையை, 41 கிலோவில் கால்வாசி சாப்பாடு சாப்பிடும்போதும் அதே அளவில் கொடுத்துக்கொண்டிருந்தால் அது ஆபத்து. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், கிளிகிளாசைட் என்ற பெயர்கள் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பவுடர் வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். அதுவரை சாப்பாடு உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிடாத வேளையில் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். மெட்ஃபார்மினும் சிலருக்குப் பசியைக் கெடுக்கும், வயிற்றைப் புரட்டும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்தைக் குறைக்கும். பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை (மூத்திரத்தை அதிகம் போகவைக்கும் மாத்திரை) இருந்தால், உப்பையும் குறைத்து வெறும் கஞ்சியாகக் குடிக்கும்போது ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சோடியம் இறங்கினால் பசியின்மை, சோர்வு, தடுமாற்றம். எடை குறைந்ததில் பிரஷரே தானாக இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும், மெடிக்கலில் சும்மா வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று சொல்லாதீர்கள். "ஏழு மாசத்துல ஏழு கிலோ குறைஞ்சிருக்கு, கஞ்சி குடிச்சாப் புரை ஏறுது" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு டானிக் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாவது வாக்கியத்துக்குப் பரிசோதனை எழுதுவார்கள். ரத்த அணுக்கள், சோடியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை (HbA1c), பி12, நெஞ்சு எக்ஸ்ரே, இவை பெரும்பாலும் முதல் சுற்றில் வரும். சர்க்கரை கட்டுக்கு மீறி ஏறியிருந்தாலும் எடை கரையும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதானவர்களுக்கு அது இருமலும் காய்ச்சலும் பெரிதாக இல்லாமல் வெறும் இளைப்பாகவே வரலாம். புற்றுநோயும் இந்தப் பட்டியலில் உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. எது என்று நானோ நீங்களோ வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அதனால்தான் போகச் சொல்கிறேன். பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரம் இல்லை.

இனி புரை. நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் எனக்கு அதிகம் கவலை தந்தது அதுதான். கெட்டியானது தொண்டையில் சிக்கும், கஞ்சிதான் சுலபமாக இறங்கும் என்று நம் வீடுகளில் நினைப்போம். முழுங்கும் திறன் குறைந்தவர்களுக்குப் பல சமயம் நிலைமை தலைகீழ். தண்ணீர் மாதிரி இருப்பது வேகமாக ஓடும். குரல்வளை மூடிக்கொள்ளும் முன்பே மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடும். ரசஞ்சோறு மாதிரி தண்ணியும் பருக்கையும் கலந்தது இன்னும் கஷ்டம். குழைய வேகவைத்துக் கடைந்த, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பக்குவம்தான் பலருக்குச் சுலபம். குடித்த பிறகு குரல் நீர் கோத்த மாதிரி கரகரப்பாக இருக்கிறதா, சாப்பிட்டு முடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் சொல்லி, முழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

ஊட்டும் முறை இப்படி. கயிற்றுக் கட்டிலில் சாய்த்து வைத்து ஊட்டவே கூடாது, அது நடுவில் குழிந்து உடம்பை வளைத்துவிடும். கைப்பிடி உள்ள நாற்காலியில் முதுகு நேராக, பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அண்ணாந்தால் புரை ஏறும். அதனால் எதிரே, அவர் கண்ணுக்கு நேராக நீங்களும் உட்காருங்கள். மோவாய் லேசாகக் கீழே இருக்கட்டும். டீ ஸ்பூன் போதும், குழம்புக் கரண்டி வேண்டாம். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். கழுத்தைப் பாருங்கள், குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். இறங்கிய பிறகு ஒரு மூச்சு விடட்டும், அப்புறம் அடுத்த ஸ்பூன். பேச்சுக் கொடுப்பதெல்லாம் வாய் காலியாக இருக்கும்போது. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தூக்கக் கலக்கத்திலோ மயக்கத்திலோ இருப்பவர் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. பாசத்தில் செய்வார்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நீராகாரங்களை மாவு போட்டுக் கெட்டியாக்கிக் கொடுப்பதால் நிமோனியா குறைகிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. புரை குறையும், ஆனால் அது பிடிக்காமல் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் அதைச் சோதித்துப் பார்த்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வயதானவர்களுக்குச் சோறு குறைவாகப் போதும், புரதம் குறைவாகப் போதாது. எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது முதியோர் சத்துணவில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. நோயிலிருந்து தேறுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அம்மிச்சிக்கு 41 முதல் 49 கிராம். இப்போது கிடைப்பதைக் கணக்குப் போடுவோம். 30 கிராம் ராகி மாவில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் 2 கிராம். இரண்டு டம்ளருக்கு 4. சத்துமாவு இரண்டு ஸ்பூனில் 2. நடுவில் ஒரு கை ரசஞ்சோறு, ஒரு இட்லி, இரண்டு டீ, எல்லாம் சேர்த்து 8 என்று வைத்தாலும் மொத்தம் 14 கிராம் வரும். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. உடம்பு மீதியை எங்கிருந்து எடுக்கும்? தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கும் சதையிலிருந்துதான். நீங்கள் பனியன் கம்பெனிக்காரர், தையல் டேப் கையில் இருக்கும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றிப் பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சதை கரைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ராகியைக் குறை சொல்லவில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் வேறு எது? ஆனால் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி வயிற்றைத் தண்ணீரால் நிரப்பிவிடும். அதே ராகியைப் பாலில் கெட்டியாகக் காய்ச்சி, வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு ஸ்பூன், நெய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் அதே அரை டம்ளரில் இரண்டு மடங்குக்கு மேல் சத்து. பொடி மாவு மாதிரி நைசாக இருக்க வேண்டும், நொய் நொய்யாக இருந்தால் புரை ஏறும். நாமக்கல் முட்டை ஊரெல்லாம் போகிறது, பக்கத்தில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தட்டில் மட்டும் விழுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கட்டியாக வேகவைத்தது உதிர்ந்து தொண்டையில் ஒட்டும், அதனால் கொஞ்சம் பால் ஊற்றி அடித்து ஆவியில் வேகவைத்தால் இட்லி மாதிரி மெத்தென்று வரும். நாளைக்கு இரண்டு முட்டை 12 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லி 12 கிராம். பருப்போ பாசிப்பயறோ 40 கிராம் எடுத்துக் கடைந்தால் 9. நிலக்கடலைப் பொடி 20 கிராமில் 5. இட்லி, சோறு, ராகியில் ஒரு பத்து. கூட்டினால் 48 வந்துவிடும். முட்டை சாப்பிடாத வீடென்றால் பனீரையும் தயிரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் சமையலிலேயே வழி இருக்கிறது. அரிசிம்பருப்பைக் குழைய வேகவைத்து, பருப்பை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடப் போட்டு, நெய் விட்டு மசித்தால் அது ஒரு முழுச் சாப்பாடு. பச்சைப்பயறுக் கடைசல் இன்னொன்று. சந்தகையை (இடியாப்பம் மாதிரியானது) தேங்காய்ப் பாலில் நன்றாக ஊறவைத்து நறுக்கிக் கொடுக்கலாம், ஆனால் அதில் புரதம் குறைவு, கூட முட்டையோ பருப்போ வேண்டும். கறி சாப்பிடுவார் என்றால் கொத்திய கறியை மைய வேகவைத்துக் கொடுங்கள், வெறும் எலும்புச் சாறு போதாது. சாற்றில் ருசியும் உப்பும் இறங்கும், புரதத்தில் பெரும்பங்கு சட்டியில் கிடக்கும் கறியில்தான் இருக்கும். மூன்று வேளை வட்டல் (தட்டு) நிறையப் போட்டு வைத்தால் பார்த்ததுமே அவருக்கு மலைப்பாக இருக்கும். சின்னக் கிண்ணத்தில் ஆறு வேளையாகப் பிரியுங்கள். காலையில்தான் பலருக்குப் பசி நன்றாக இருக்கும், கனமானதை அப்போது கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள், பத்து நாளில் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். நாள்கணக்கில் எதுவுமே உள்ளே போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பழமொழியைக் காட்டி அம்மிச்சிக்குக் கொள்ளு ஆகாது என்பார்கள். முதல் பாதி ரொம்பச் சரி. எள்ளில் எண்ணெய்ச் சத்தும் கால்சியமும் நிறைய, எள்ளுப்பொடியைக் கூழில் கலக்கலாம். இரண்டாம் பாதியை நம்பிக் கொள்ளை விலக்க வேண்டியதில்லை. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. முளைகட்டி, குக்கரில் நன்றாக வேகவைத்து, பூண்டு சீரகத்தோடு கடைந்து கொடுங்கள். வாயு சேர்ந்தால் அளவைக் குறையுங்கள். முட்டை சூடு, தயிர் சளி என்ற பேச்சுக்கு நான் பெரியவர்களிடம் சண்டை போடுவதில்லை. ஒத்துக்கொள்ளாததை விட்டு அதே புரதம் உள்ள வேறொன்றைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது பவுடர். டப்பாவின் பின்பக்கம் "100 கிராமில் புரதம்" என்ற வரியைப் படியுங்கள். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான், அதற்கு அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாம். புரதம் அதிகமுள்ள மருத்துவப் பவுடர்கள் உண்மையிலேயே உதவும், சாப்பாட்டால் தேவையை எட்ட முடியாதபோது, சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல் சாப்பாட்டுக்கு நடுவில். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகே. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சதை கரைந்த உடம்பில் கிரியாட்டினின் குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் அறிக்கையில் அது நார்மல் என்று வந்தாலும் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கலாம். வயது சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறன் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அது குறைந்திருந்தால் நான் மேலே சொன்ன புரத அளவும் மாறும்.

தண்ணீர் விஷயத்தில் பாட்டிகள் வாயைத் திறக்க மாட்டார்கள். வயதானால் தாக உணர்ச்சியே மங்கிவிடும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாளை வீடுகளில் கக்கூஸ் களத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். ராத்திரி இருட்டில் போக முடியாது, யாரையாவது எழுப்ப வேண்டும். அதனால் பொழுதோடவே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வாய் வறளும், மலம் இறுகும், தலை சுற்றும், மூத்திரத்தில் தொற்று வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலியும் ஒரு சின்ன விளக்கும் வையுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடிப்பார். வயதான பெண்களுக்கு மோர், பால், கூழ் எல்லாம் சேர்த்து நாளைக்கு 1.6 லிட்டர் அளவு வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

மலம் போய் எத்தனை நாள் ஆகிறது என்றும் கேளுங்கள், வெட்கப்படாமல். நாலைந்து நாள் போகாத வயிற்றில் பசி எடுக்காது. மலம் இறுகி அடைத்திருக்கும்போது அதன் ஓரமாகத் தண்ணியாகக் கசியும், அதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் நர்ஸையோ டாக்டரையோ வைத்துப் பார்க்க வேண்டும்.

பகலெல்லாம் படுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லி, தண்ணி வாக்கும்போது (குளிப்பாட்டும்போது) முதுகெலும்பின் அடியில், இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படும். அந்த இடத்தில் பாரம் படாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. வளையம் மாதிரி காற்றடைத்த டியூப்பை வைக்கக் கூடாது, அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மஞ்சள் விளையும் ஊர் நம்முடையது, எந்தப் புண்ணென்றாலும் மஞ்சளை அப்பிவிடுவோம். படுக்கைப் புண்ணில் அப்பினால் அடியில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மூடிவிடும். போடாதீர்கள்.

புரதம் மட்டும் போனால் சதை வளராது, வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று உட்காரட்டும், பக்கத்தில் ஆள் இருக்க, காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை. முடிந்தால் களம் வரை ஒரு நடை. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஊர்க் கிராம செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

கடைசியாகச் சொல்வதால் இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எடை குறைய ஆரம்பித்ததும் அப்பிச்சி போனதும் ஒரே சமயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது அறுபது வருஷம் அவருக்கு வட்டல் வைத்துப் பரிமாறி, அவர் கை கழுவிய பிறகு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்ணுக்கு, இப்போது எந்த நேரம் சாப்பாட்டு நேரம்? உங்கள் அம்மா காட்டு வேலைக்கும் மற்றவர்கள் மில்லுக்கும் போன பிறகு, மூடி வைத்த போசியைத் திறந்து தனியாகச் சாப்பிடும் நிலைமை. துக்கம் வேறு, மன அழுத்த நோய் வேறு. ஏழு மாதம் கழித்தும் எதிலும் நாட்டமில்லை, விடியக்காலையில் விழித்துக்கொண்டு அழுகிறார், "என்னை எதுக்கு வெச்சிருக்கு" என்கிறார் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக்குத் தேறுகிற நோய் அது. நோயில்லை, தனிமைதான் என்றால் ஒரு வேளையாவது யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முடிந்தால் அவரையே பயறு பொறுக்கவும் வெங்காயம் உரிக்கவும் விடுங்கள். தன் கை பட்ட குழம்பைக் கொஞ்சம் கூடச் சாப்பிடுவார்கள், இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் செய்தும் தேறாத நிலைகள் உண்டு. முற்றிய மறதி நோய், பரவிவிட்ட புற்றுநோய், இவற்றின் கடைசிக் கட்டத்தில் உடம்பு தானே சாப்பாட்டை விலக்கும். முற்றிய மறதி நோயில் மூக்குக் குழாய் போட்டு ஊட்டுவதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. அப்போது வாயை நனைத்து, கேட்டதைக் கேட்ட அளவு கொடுப்பதே பராமரிப்பு. உங்கள் அம்மிச்சி பேசுகிறார், நடக்கிறார், கஞ்சி பிடிக்கவில்லை என்று சொல்கிறார். அவரை இந்த வரிசையில் வைக்க நீங்கள் எழுதியதில் எந்தக் காரணமும் இல்லை.

திடீரென்று குழப்பமாகப் பேசினால், வேர்த்து அசந்தால், மூச்சு வாங்கினால், ஒரு நாள் முழுக்க மூத்திரமே போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வேர்த்து அசந்து, ஆனால் விழித்திருந்து முழுங்க முடிகிறது என்றால், சர்க்கரை மூன்று டீ ஸ்பூனைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். எடையை வாரம் ஒரு நாள், காலையில் மூத்திரம் போன பிறகு, அதே மெஷினில் பார்த்து நாள்காட்டியில் எழுதுங்கள். முதல் மாதம் குறைவது நின்றாலே நல்ல சேதி.

அப்புறம், அம்மிச்சி இனிப்புக் கேட்கிறார், சர்க்கரை இருப்பதால் கொடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த வயதில், இந்த எடையில், சர்க்கரையை இளவயதுக்காரர் மாதிரி இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. நலிந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை 8 வரை இருக்கலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அம்மிச்சியின் அளவைப் பார்த்து அதை டாக்டர் உறுதி செய்துவிட்டால், நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒப்பிட்டு என்ற இனிப்புப் போளி சுடும்போது அரை ஒப்பிட்டை நெய்யில் ஊறவைத்துப் பிசைந்து கொடுங்கள். அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டால் போதும்.